சந்தைக்குப் போகும் பத்தியம்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரில் பேச வந்தவர் பாவற்காயையும் பாணையும் பற்றிப் பேசப் போகிறாரே என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். உணவைத் தள்ளிவைத்த தமிழ் இலக்கியம் எது? எந்த நிலத்து வழியே போனால் எந்தச் சோறு கிடைக்கும் என்று பாணர்களுக்குச் சொல்லிக்கொண்டே போவன நமது ஆற்றுப்படை நூல்கள். வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். திருக்குறளில் அது 95ஆவது அதிகாரம். அதிலே வேரையும் சூரணத்தையும் தேடினால் ஏமாந்து போவீர்கள். பசியறிந்து, அளவறிந்து உண்ணுவதைப் பற்றித்தான் அங்கே அவர் பெரிதும் பேசுகிறார். நமது நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரோ ஆடிப்பிறப்புக் கூழையும் கொழுக்கட்டையையும் பாடியவர். பனைக்கென்றே 'தால விலாசம்' செய்தவர். ஆகவே நான் சந்தைப் பையோடு உங்கள் முன் வருவதிலே தவறில்லை என்று நினைக்கிறேன்.

நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பத்தியம் காக்கும் ஒருவர் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவது.

ஏட்டிலே நீரிழிவு, எங்கள் பாட்டன்மார் வாயிலே சலரோகம், இன்றைய பேச்சிலே 'சுகர்'. இம்மூன்று பெயரும் கொண்ட நோய் எனக்கு வந்து ஒன்பது ஆண்டுகளாகின்றன. முதல் நாள் கிளினிக்கிலே ஒரு தாள் தந்தார்கள். கூடாதவை, அளவோடு உண்ணத்தக்கவை, தாராளமாக உண்ணத்தக்கவை என்று மூன்று நிரல். மேசையில் விரித்து வைத்துப் படிக்கும்போது அதுபோல எளிதான நூல் வேறில்லை. அந்தத் தாளைச் சட்டைப் பையிலே மடித்து வைத்துக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குள் நுழையும்போதுதான் அதன் கடினம் தெரியும்.

முதலிலே பத்தியம் என்ற சொல்லைச் சிறிது பார்ப்போம். வழி என்று பொருள்படும் வடசொல்லின் அடியாகப் பிறந்தது அது. உடல் நடக்கவேண்டிய வழிக்கு உகந்த உணவு என்பது கருத்து. யாழ்ப்பாணத்து வீடுகளில் இச்சொல் இரண்டு இடங்களில் அதிகம் வழங்கிவந்தது. ஒன்று, பிள்ளைப்பேற்றுப் பத்தியம். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி சேர்த்து அரைத்து வைக்கும் சரக்குக்கறியின் மணம் வீதிவரை வந்து, அந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று சொல்லும். மற்றது, பரியாரியார் மருந்து தரும்போது சொல்லும் பத்தியம். புளி கூடாது, அகத்தி கூடாது, பாவற்காய் மருந்தை முறிக்கும் என்பார்கள்.

இந்த இரண்டு பத்தியங்களுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. இரண்டுக்கும் முடிவு நாள் இருந்தது. முப்பத்தொன்று கழிந்தால் தாய்க்குப் படிப்படியாக வழமைச் சாப்பாடு. மருந்து முடிந்தால் நோயாளிக்கும் அப்படியே. முடிவு தெரிந்ததனால் மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். வீட்டாரும் தனிச் சட்டி வைத்துச் சமைத்துக் கொடுத்தார்கள்.

நீரிழிவுக்காரனுடைய பத்தியத்துக்கு அந்த முடிவு நாள் இல்லை. அவன் முப்பத்தொரு நாளைக்கன்று, முப்பத்தொரு ஆண்டுக்கும் கடைக்குப் போகவேண்டியவன். பல்லைக் கடித்துக்கொண்டு அவ்வளவு காலம் எவராலும் இருக்கவியலாது. தனிச் சட்டியும் அவ்வளவு காலம் அடுப்பில் ஏறாது. ஆகையால் இந்தப் பத்தியம் நிலைக்கவேண்டுமானால் அது வீட்டின் வழமைச் சாப்பாடாகவே மாறவேண்டும். வழமைச் சாப்பாடு தீர்மானமாகும் இடம் அடுப்படியென்று நாம் நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது கடை வாசலிலேதான் தீர்மானமாகிறது.

ஏன் என்று சொல்கிறேன். நம்முடைய அடுப்படியில் அளவைகள் மிகக் குறைவு. அரிசிக்குச் சுண்டு உண்டு. நான்கு சுண்டு ஒரு கொத்து. கொத்து பழைய இரண்டு றாத்தல். எனவே ஒரு சுண்டு அரிசி ஏறத்தாழ 225 கிராம். சுண்டு போனபின் பாற்பேணி அந்த இடத்துக்கு வந்தது. மற்றவையெல்லாம் கையளவு, கண்ணளவு. உப்பு ஒரு கிள்ளு, எண்ணெய் ஒரு சுற்று, சீனி 'போதும் எண்டுமட்டும்'. மத்தியானச் சோற்றை நிறுத்துப் போடும் தாயை நான் கண்டதில்லை; காணவும் விரும்பவில்லை. ஆனால் கடையிலே தராசு இருக்கிறது. அங்கே எந்தப் பொருளும் எண்ணிக்கையோடும் நிறையோடும்தான் நம் பைக்குள் வருகிறது. வீட்டுக்குள் வந்த பொருள் எப்படியும் யாரோ ஒருவர் வயிற்றுக்குள் போகத்தான் போகிறது. ஆகவே பத்தியத்தை அளப்பதற்கு மிக வசதியான இடம் கடைக்காரரின் தராசு.

ஒரு கணக்குச் சொல்லுகிறேன், வீட்டிலே போட்டுப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, சேர்க்கப்படும் சீனி நாளாந்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. இருபதில் ஒரு பங்குக்குள் நின்றால் இன்னும் நன்று. அந்த இரண்டாவது அளவு, வளர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழ 25 கிராம். நான்கு பேருள்ள வீட்டுக்கு மாதம் 3 கிலோ. விசுக்கோத்தில் உள்ள சீனி, சோடாவில் உள்ள சீனி, தேன், பனங்கட்டி எல்லாம் அந்த மூன்று கிலோவுக்குள் அடக்கம். உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும். நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். அதற்குள் கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் பாணும் அடக்கம். இனி மறுபக்கம். மரக்கறியும் பழமும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராமாவது வேண்டும். கிழங்கு இதில் சேராது. நான்கு பேருக்கு வாரத்துக்கு 11 கிலோவுக்கு மேல் வருகிறது.

இப்போது உங்கள் வீட்டுச் சாமான் துண்டை எடுத்துப் பாருங்கள். சீனி எத்தனை கிலோ, உப்பு எத்தனை பக்கற்று, மரக்கறி எத்தனை கிலோ? நீரிழிவு இல்லாத வீட்டுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். வைத்தியர் கேட்கும் கேள்விகள் பலவற்றுக்கு அந்தத் துண்டே விடை சொல்லிவிடும்.

நேயர்களே, நம் சாமான் துண்டை எப்போதும் நாமே எழுதினோம் என்று சொல்வதற்கில்லை. அதை வேறு கைகள் எழுதிய காலங்கள் நீண்டவை. இரண்டாம் உலகப் போரிலே 1942இல் பர்மா வீழ்ந்தபோது அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இலங்கையிலே பங்கீட்டு முறை வந்தது. தலைக்கு இவ்வளவு என்று கூப்பன் எழுதியது. சங்கக்கடை நிறுத்துக் கொடுத்தது. 1953இல் கொத்தரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1979இலே உணவு முத்திரை வந்து அந்தப் பங்கீட்டு முறைக்கு முடிவு கட்டிற்று.

கோதுமை மாவும் அப்படித்தான் வந்தது. கோதுமை விளையாத நாடு இது. வெளியிலிருந்து கப்பலில் வந்த மா, பாணாகவும் பிட்டாகவும் இடியப்பமாகவும் நம் அடுப்படிக்குள் புகுந்து குடியிருந்தது. 1980இலிருந்து திருகோணமலையிலே பிறீமா ஆலை கோதுமையை அரைக்கத் தொடங்கியது. அரிசிமாப் பிட்டு விசேட நாளுக்குரியதாகி, கோதுமைமாப் பிட்டு வழமைப் பிட்டானதை ஒரு தலைமுறையின் வாழ்நாளுக்குள் கண்டோம். மலிவும் இலகுவும் அதற்குக் காரணம், யாரையும் குறைசொல்வதற்கில்லை. ஆனால் கிளினிக்கின் தாள் "பாணையும் கோதுமை மாவையும் குறையுங்கள்" என்று சொல்லும்போது, பல பத்தாண்டுகளாக நாட்டின் விலைக்கொள்கை எழுதிய ஒரு வரியை அழிக்கச் சொல்கிறது என்பதை உணரவேண்டும். அது ஒரு நாளிலே அழியாது.

அதன்பின் 1990 வந்தது. அந்த ஜூனிலே போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு வரும் பொருள்களுக்குத் தடை விழுந்தது. மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கிலே விலைபோயிற்று. சீனி அரும்பொருளாயிற்று. உள்ளங்கையிலே ஒரு துண்டு பனங்கட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந் தேத்தண்ணி குடித்தோம். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழக் களியினால் உடுப்புத் தோய்த்தார்கள். போகுமிடமெல்லாம் சைக்கிளிலே போனோம்.

அந்த நாள்களைப் பற்றி இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. "அப்ப சீனியும் இல்லை, சுகரும் இல்லை. எல்லாரும் சைக்கிள் ஓடினம். ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லை" என்பார்கள். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் இதை நான் கேட்கிறேன். கேட்டும் பேசாமல் இருக்க என்னால் முடிவதில்லை. சைக்கிள் ஓடியது உடலுக்கு நல்லதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் நோய் இல்லையென்று அளந்து பார்த்தவர் யார்? அளப்பதற்கு வேண்டிய பொருள்களுக்கும் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. இன்சுலின் குப்பியை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடைப்பட்ட குளிரிலே வைக்கவேண்டும். மின்சாரமே இல்லாத ஊரிலே அதை வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை அவர்கள் வீட்டாரிடம் கேளுங்கள். 1921இலே கனடாவின் ரொறன்ரோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் முன்பு, நீரிழிவுச் சிறுவர்களைப் பட்டினி போட்டுத்தான் சில மாதங்கள் கூடுதலாக உயிர் வாழவைத்தார்கள். அதையும் அந்தக் காலத்து வைத்தியர்கள் உணவு முறை என்றுதான் அழைத்தார்கள்.

பஞ்சம் பத்தியமாகாது, நேயர்களே. பத்தியம் என்பது இருப்பதிலே நாமே ஒன்றை விலக்கி ஒன்றை எடுப்பது. பஞ்சத்தில் எடுப்பதற்கே ஒன்றும் இருப்பதில்லை. பொருளாதாரத் தடையை நல்லதோர் உணவுமுறையாக நினைவுகூர்ந்தால், அந்த நாள்களில் மருந்தின்றித் தவித்தவர்களை நாம் மறந்தவர்களாவோம். 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோதும், 2022இன் நெருக்கடியில் விலைகள் ஏறியபோதும், துண்டை எழுதும் பேனா மறுபடியும் நம் கையைவிட்டுப் போயிருந்தது. இன்று அது ஓரளவு நம் கையிலே இருக்கிறது. அதை எப்படிப் பிடிப்பது என்பதுதான் கேள்வி.

கேள்வி சிறியதன்று. 2005–2006இல் இலங்கையில் நடந்த ஓர் ஆய்வு, வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பேருக்கு நீரிழிவு என்று கண்டது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கிலே சேரவில்லை. 2018–2019இல் நாடளாவ நடந்த வேறோர் ஆய்வு ஏறத்தாழ 23 பேர் என்றது. இருவேறு முறையிலே எடுத்த கணக்குகளாயினும், நோய் போகும் திசை தெரிகிறது. இந்த நோய் முதலில் நோவதில்லை. கண்ணிலும் சிறுநீரகத்திலும் காலிலும் மெல்ல வேலை செய்கிறது. தோட்டத்திலே வெறுங்காலோடு நிற்கும் ஒருவருக்குப் பாதம் விறைத்துப்போனால், முள் ஏறியதே தெரியாது. தெரியும்போது புண் புரையோடியிருக்கும். சந்தைப் பையை இவ்வளவு தூரம் நான் இழுத்துப் பேசுவதற்குக் காரணம் அந்தக் கால்கள்தான்.

சரி, சந்தைக்குள் போவோம். திருநெல்வேலியோ மருதனார்மடமோ சுன்னாகமோ சாவகச்சேரியோ, எதுவானாலும் ஒன்றுதான். உள்ளே போகுமுன் ஒரு சொல்: வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பசித்தவன் கண்ணுக்கு வாய்ப்பன் பெரிதாகத் தெரியும். அதுமட்டுமன்று, இன்சுலினோ சிலவகைக் குளிசைகளோ எடுப்பவர் நேரத்துக்குச் சாப்பிடாமல் அலைந்தால் இரத்தத்திலே சீனி அளவுக்கு மீறி இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழவும் கூடும். அந்த நேரத்திலே உயிர் காப்பது சீனிதான். என் சட்டைப் பையிலே பத்தியத் தாளும் இருக்கும், ஒரு சிறிய குளுக்கோசுப் பொட்டலமும் இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையில்லை.

சந்தையிலே எனக்கு முதல் ஆலோசகர்கள் மரக்கறி விற்கும் அம்மாமார்தான். "ஐயாவுக்கு இனிப்பு வருத்தமெல்லே? இந்தாங்கோ, நல்ல பாவக்காய். நாலு நாள் சாப்பிடுங்கோ, ஓடியே போயிடும்" என்று தட்டிலே போடுவார்கள். பரியாரியார் விலக்கிய பாவற்காய்க்கு இந்தக் காலத்திலே வந்த மதிப்பைப் பாருங்கள்! பாவற்காய் நல்ல கறி. நார் உண்டு, மாப்பொருள் குறைவு. ஆனால் அது கறியே தவிரக் குளிசைக்கு மாற்று அல்ல. அதை வாங்குகிறேன், குளிசையையும் போடுகிறேன்.

அடுத்த கடையிலே பனங்கட்டிக் குட்டான். "இது இயற்கை, ஐயா. சீனி மாதிரி இல்லை. ஒண்டும் செய்யாது" என்பார் கடைக்காரர். பனையின்மேல் எனக்குள்ள பற்று எவருக்கும் குறைந்ததன்று. எனினும் உண்மையைச் சொல்லவேண்டும். பனங்கட்டியின் பெரும்பகுதி சுக்குரோசு. வெள்ளைச் சீனியும் சுக்குரோசுதான். சிறிதளவு கனியுப்புகள் பனங்கட்டியில் கூடுதலாக உண்டு. அதற்காக இரத்தம் அதை வேறு வாசலால் உள்ளே விடாது. ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சும்போது பனங்கட்டி போடுங்கள். எனக்கும் அரைச் சிரட்டை வாருங்கள். சீனிக்கு மருந்தாக மட்டும் அதை விற்க வேண்டாம்.

குரக்கன் மாவுக்கும் இதே கதைதான். குரக்கன் சிறந்த தானியம். நூறு கிராமிலே ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு, நாரும் உண்டு. ஆனால் அதே நூறு கிராமிலே 70 கிராமளவு மாப்பொருளும் உண்டு. குரக்கன் பிட்டு என்றதும் நீரிழிவுக்காரனுக்கு இரண்டு நீற்றுப் பெட்டி கூட வைக்கிறார்கள். சிவப்பரிசிச் சோறும் அவ்விதமே. தவிடு போகாத சிவப்பரிசி தீட்டிய வெள்ளையரிசியைவிட நல்லது. நமது மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் அதைவிட மகிழ்ச்சி ஏது? ஆனாலும் சுண்டு சுண்டுதான். நிறம் மாறினாலும் அளவு மாறக்கூடாது. ரொறன்ரோவிலே ஜென்கின்ஸ் என்ற வைத்தியரும் உடனாய்வாளர்களும் 1981இலே, எந்த உணவு எவ்வளவு விரைவில் இரத்தச் சீனியை ஏற்றுகிறது என்று அளக்கும் கிளைசீமிக் குறியீட்டை முன்வைத்தார்கள். நமது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் நம் ஊர்ச் சாப்பாடுகளுக்கு அதை அளந்திருக்கிறார்கள். அந்தக் குறியீடு வேகத்தைச் சொல்லும். எவ்வளவு உண்டோம் என்பதை அது சொல்லாது. அது நம் கோப்பையிலே இருக்கிறது.

தாராளமாக வாங்கத்தக்கவற்றுக்கு வருவோம். வல்லாரை, பொன்னாங்காணி, முளைக்கீரை, முருங்கையிலை, பயற்றங்காய், வெண்டிக்காய், புடோலங்காய், கத்தரிக்காய், பீர்க்கங்காய். செம்மண் தோட்டத்திலிருந்து அன்றைய காலையிலே வந்தவை. மரவள்ளியும் இராசவள்ளியும் மரக்கறிக் கடையிலே இருந்தாலும் அவை சோற்றுக்கு உறவினர். அவற்றை வாங்கினால் அன்றைக்கு அரிசியைக் குறைக்கவேண்டும். பழக்கடையிலே கறுத்தக்கொழும்பான் மணக்கும் மாதங்கள் பத்தியக்காரனுக்குச் சோதனைக் காலம். முழுப்பழம் தின்னாமல் ஒரு கன்னத்தோடு நிற்பது என்று ஒழுங்கு வைத்திருக்கிறேன். வாழையிலே பெரிய இதரையை விட்டுச் சின்னக் கதலியாக எடுக்கிறேன். பழத்தைப் பழமாகவே தின்ன வேண்டும். சாறாக்கிச் சீனி போட்டால் அது சோடாவுக்குத் தம்பியாகிவிடும். மீனிலே பாசையூரிலும் குருநகரிலும் சூடை மலிவான நாள்கள் உண்டு. குழம்பாக வைத்தால் அதைவிட நல்ல சாப்பாடு எது? பொரித்துக் கொட்டும்போதுதான் எண்ணெய்ப் போத்தல் இறங்குகிறது.

இனிப் பெரிய கடைகள். 2009இலே போர் முடிந்தபின் நம் நகரத்திலும் குளிரூட்டிய அங்காடிகள் வந்தன. அங்கே அம்மாமாரின் ஆலோசனை இல்லை, பெட்டிகள்தாம் பேசும். 'குரக்கன்', 'தானியம்', 'நார்ச்சத்து' என்று முன்பக்கத்திலே பெரிய எழுத்து. நான் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கிறேன். சேர்பொருள்களை நிறையின் இறங்கு வரிசையிலே எழுதுவது விதி. குரக்கன் விசுக்கோத்திலே முதற்பெயர் கோதுமை மா, இரண்டாவது பெயர் சீனி, குரக்கன் அதற்குப் பின்னால் என்றிருந்தால், அது குரக்கனின் பெயரைக் கடன்வாங்கிய கோதுமை விசுக்கோத்து என்று அறிந்துகொள்ளலாம்.

படிக்கக் கண்ணாடி இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. 2016 ஆகஸ்ட் முதலாந் திகதியிலிருந்து நம் நாட்டிலே மென்பானப் போத்தல்களில் நிற அடையாளம் இடவேண்டும். நூறு மில்லிலீற்றரிலே 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். பின்னர் திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்குமாக இது வந்தது. அரை லீற்றர்ச் சிவப்புப் போத்தலிலே 55 கிராம் சீனிக்கு மேல் இருக்கும், பதினொரு தேக்கரண்டி. தேத்தண்ணிக்குள் யாராவது பதினொரு கரண்டி போட்டுத் தந்தால் நாம் அந்த வீட்டுக்கு மறுபடி போகமாட்டோம். போத்தலிலே குளிர்ந்து இருப்பதால் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்து வாங்கித் தருகிறோம்.

பணத்தைப் பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது. பத்தியம் பணக்காரர் பழக்கம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. சில தாள்களில் அப்பிளும் ஓட்ஸும் ஒலிவ் எண்ணெயும் அச்சாகியிருப்பதைப் பார்த்தால் அந்த எண்ணம் வருவது இயல்பு. நாட்கூலிக்குப் போகும் பெண் அதைப் படித்துவிட்டு, "இது எங்களுக்கில்லை" என்று மடித்து வைத்துவிடுகிறாள். அப்பிளுக்குக் கொய்யா உண்டு. ஓட்ஸுக்குப் பதிலாகப் பயறும் கௌப்பியும் கடலையும் உண்டு. முருங்கையிலைக்கு வேலியே கடை. விசுக்கோத்துப் பக்கற்றையும் சோடாப் போத்தலையும் துண்டிலிருந்து வெட்டினால் அந்தக் காசிலே கீரை வாங்கலாம். எனினும் உண்மையான சங்கடம் ஒன்று உண்டு. கையிலே காசு குறையும்போது முதலில் துண்டிலிருந்து வெட்டப்படுவது மரக்கறியும் மீனும்தான். கடைசிவரை நிற்பது அரிசியும் மாவும் சீனியும். வயிறு நிறையவேண்டும் என்ற நியாயம் அதிலே இருக்கிறது. அந்த வீட்டுக்காரருக்குத் தாளை மட்டும் நீட்டுபவர் பாதி வைத்தியமே செய்கிறார். தாள் எழுதுபவர்கள் ஒரு காலையாவது சந்தைக்கு வந்து, அன்றைய விலையைப் பார்த்து எழுதினால் நன்றாயிருக்கும்.

இன்னொன்று. துண்டை எழுதுபவரும் சமைப்பவரும் பெரும்பாலும் பெண்கள். ஆணுக்கு நீரிழிவு வந்தால் வீட்டின் துண்டு மாறுகிறது. பெண்ணுக்கு வந்தால் அவள் மட்டும் மாறுகிறாள். எல்லாருக்கும் வழமைப்படி சமைத்துவிட்டு, மிஞ்சியதிலே தனக்குக் கூடாததை விலக்கி, கறிச்சட்டியின் அடியை வழித்துச் சாப்பிடுகிறாள். கேட்டால், "எனக்கெண்டு தனியாய் என்னத்துக்கு?" என்கிறாள். அவளுடைய கேள்வி நியாயமானது, தனியாக வேண்டாம். எல்லாருக்கும் ஒரே துண்டாக எழுதுங்கள். நான் மேலே சொன்ன மூன்று கிலோவும் அறுநூறு கிராமும் பதினொரு கிலோவும் நோயாளிக்கென்று தனியாகச் சொன்ன அளவுகள் அல்ல. அவை எல்லாருக்கும் உரியவை. அம்மாவுக்காக மாறும் துண்டு பிள்ளைகளையும் காக்கும்.

விருந்தோம்பல் என்ற நமது பெருங்குணத்துக்கும் ஒரு சொல். "சீனி போடாத தேத்தண்ணியோ? வீட்டுக்கு வந்தவைக்கு அப்பிடிக் குடுக்கிறதோ?" என்று மனம் வருந்தும் மாமிமாரை நான் அறிவேன். அவர்களுடைய அன்பு கரண்டியிலே இருக்கிறது என்று அவர்கள் நம்புகிறார்கள். வந்தவரிடம் "சீனி எவ்வளவு?" என்று கேட்பதும் அன்புதான். அந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வழக்கமாகிவிட்டால், தன் நோயை வெளியே சொல்லக் கூசி, தந்ததையெல்லாம் குடித்துவிட்டுப் போகும் மனிதர் பலர் பிழைத்துக்கொள்வர்.

நேயர்களே, தலைக்கு இவ்வளவு என்று கூப்பன் நிறுத்துக் கொடுத்த தலைமுறை ஒன்று. தலைக்கு ஒன்றுமில்லை என்று தடை நிறுத்திவைத்த தலைமுறை மற்றொன்று. எல்லாம் தட்டிலே குவிந்திருக்க, தனக்கு எவ்வளவு என்று தானே நிறுக்கவேண்டிய தலைமுறை நாம். மற்றவர் நிறுத்ததைவிடத் தன்னைத் தானே நிறுப்பது கடினம். ஆனால் அதிலே ஒரு மதிப்பும் உண்டு. அடுத்த முறை கடைக்காரர் தராசைத் தூக்கி, "எவ்வளவு போட?" என்று கேட்கும்போது, ஒரு கணம் நின்று விடை சொல்லுங்கள். வைத்தியர் எழுதிய தாளுக்கு உயிர் வருவது அந்த விடையிலேதான்.